பெண்களுக்குத் தனி இடம் உண்டு

“பெண்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. கேட்டவர் ஒரு பேராசிரியர். அவருக்கு என் முகம் தெரியாது, எனக்கும் அவர் முகம் தெரியாது. இருவருக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டி இருந்தது. அவர் அதை முதன்முதலில் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாலைக் காய வைத்துவிட்டு நிற்கும்போதும், குழந்தைக்குத் தலை துவட்டும்போதும் கேள்வி தானாக வருகிறது. விடைதான் வருவதில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் என் சங்கடம் விளங்கும்.

நான் உடன்குடிப் பக்கம் பிறந்தவள். அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தேன். கல்லூரியில் இடம் கிடைத்தது. அதற்குள் மாப்பிள்ளையும் கிடைத்துவிட்டார். அவருக்குத் தூத்துக்குடியில், கப்பல் சரக்குகளை ஏற்றி இறக்கிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை. இங்கே கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் தூரக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும்; தோணிகள் போய்ச் சரக்கை எடுத்து வரும். கப்பல் நிற்கும் நாட்களில் வீட்டுக்கு எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது.

ஒரே வாசலுக்குள் வரிசையாகச் சிறு வீடுகள் உள்ள வளவு ஒன்றில் குடியிருக்கிறோம். பேச ஆளில்லை என்று நான் சொன்னால் அது பொய். குழாயடியில் பேச்சுக்கு என்ன குறை? ஆனால் நான் வாயைத் திறந்தால் புஸ்தகத்தைப் படிப்பது போல இருக்கிறதாம். “இந்தா பாரு, பாடம் நடத்த வந்துட்டா” என்பார்கள். விளையாட்டாகத்தான் சொல்வார்கள். ஆனாலும் அடுத்த தடவை பேசுவதற்கு முன் வாக்கியத்தை மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்ப்பேன். அதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். அப்படியே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். மிச்ச நேரமெல்லாம் குழந்தையோடுதான். அப்போது அவள் தவழத் தொடங்கியிருந்தாள். நான் சொல்வதையெல்லாம் கேட்பாள், பதில் சொல்ல மாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கணவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். சர்வகலாசாலையில் சமூக சாஸ்திரங்களைக் கற்பிக்கும் பகுதியிலிருந்து பேராசிரியர்கள் சனிக்கிழமைதோறும் ரயிலில் வந்து, உயர்நிலைப் பள்ளி மண்டபத்தில் பொதுமக்களுக்குச் சொற்பொழிவு செய்யப் போகிறார்களாம். குடும்பம், கூலி, நகரம், பஞ்சம் என்று வாரம் ஒரு பொருள். முடிவில் கேள்விகள் கேட்கலாம். சில வாரங்களில் பாட்டும் உண்டு. பள்ளிக்கூடத்து மதிலில் ஒட்டியிருந்த அறிவிப்பின் கடைசி வரியை அவர் வாயாலேயே சொன்னார்: “பெண்களுக்குத் தனி இடம் உண்டு.”

“நான் போகட்டுமா?” என்றேன்.

“போயேன். எனக்கென்ன? பிள்ளைக்குக் கடக்காத்து படாமப் பாத்துக்க.”

அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நன்றாக இருந்திருக்கும். பிறகு எனக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கடல் காற்றுதான் கவலை. குழந்தையின் காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி சுற்றி, பாதி வழியில் வேர்க்கிறதே என்று துணியை எடுத்து, பிறகு மறுபடி சுற்றி, ஒருவழியாக மண்டபத்துக்குப் போய்ச் சேருவேன்.

தனி இடம் என்பது மண்டபத்தின் பக்கவாட்டு வராந்தா. நடுவில் ஆள் உயரத்துக்கு மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் நாலைந்து பெஞ்சுகள். முதல் வாரம் வக்கீல் வீட்டுப் பெண்கள் சிலர் பட்டுப்புடவையோடு வந்திருந்தார்கள். அடுத்த வாரம் அவர்களில் ஒருத்தி மட்டும் வந்தாள். மூன்றாம் வாரத்திலிருந்து நான்தான். தனி இடம் நிஜமாகவே தனி இடமாகிவிட்டது.

தட்டிக்கும் தரைக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி உண்டு. அதன் வழியாகச் சொற்பொழிவாளரின் செருப்புகள் தெரியும். எந்தப் பேராசிரியர் என்று நான் செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொண்டேன். ஒருவர் பேசும்போது குதிகாலை உயர்த்தி உயர்த்தி நிற்பார். இன்னொருவர் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசுவார். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். திரும்பிப் பார்த்துச் சிரிக்கப் பக்கத்தில் ஆள் இருக்காது. குழந்தையைப் பார்த்துச் சிரிப்பேன்.

ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுவதும் காத்திருந்தேன் என்று சொன்னால் மிகையல்ல. ஒரு மனிதர் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கும்வரை யாரும் குறுக்கிடாமல் இருப்பதே எனக்குப் பெரிய சுகமாக இருந்தது. விடுதியை விட்டு வந்த பிறகு அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை.

அன்று குதிகால் உயர்த்துகிற பேராசிரியர் குடும்பத்தைப் பற்றிப் பேசினார். மில்லில் நூல் நூற்கிறவன் உழைக்கிறான், கூலி வாங்குகிறான். வீட்டில் சோறு ஆக்குகிறவள் உழைக்கிறாள், கூலி இல்லை. கூலி இல்லாததை உழைப்பு என்று சாஸ்திரம் கணக்கில் எடுக்கலாமா, கூடாதா? ஆண்கள் பக்கமிருந்து இரண்டு பேர் எழுந்து நீளமாகப் பேசினார்கள். ஒருவர் தாய்மையைத் தெய்வம் என்றார். மற்றவர் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். பிறகு செருப்புகள் என் பக்கம் திரும்பின.

“பெண்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

நான் நினைப்பது எனக்கே சரியாகத் தெரியாது. பெண்கள் நினைப்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன சொன்னாலும் அதைத் தூத்துக்குடிப் பெண்களின் அபிப்பிராயம் என்று எடுத்துக்கொள்வார்களே? பேசாமலிருந்தால் பெண்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஆகிவிடுமே? குழந்தை வேறு என் வாயைக் கையால் பொத்திப் பொத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் கையை விலக்கிவிட்டுச் சொன்னேன்:

“நாங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.”

மண்டபம் சிரித்தது. பரிகாசமாக இல்லை, சந்தோஷமாகத்தான் சிரித்தார்கள். பேராசிரியர் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். “மிகச் சரி. அவர்கள் யோசிப்பதற்கு ஒரு தனிக் கூட்டமே வைப்போம். எங்கள் சர்வகலாசாலையில் ஒரு அம்மையார் பொருளாதாரம் கற்பிக்கிறார். அவரை அனுப்புகிறேன். பெண்கள் மட்டும் கூடி விவாதிக்கட்டும்” என்றார்.

‘நான்’ என்று சொல்லாமல் ‘நாங்கள்’ என்று ஏன் சொன்னேன்? ஒருவேளை குழந்தையையும் சேர்த்துக்கொண்டேனோ என்னவோ.

இரண்டு நாள் கழித்துக் கூட்டங்களை நடத்துகிற சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். அதே பள்ளியில் ஆசிரியர் அவர். நான் உள்ளே நிற்க, என் கணவரிடம்தான் பேசினார்.

“அம்மையார் அடுத்த மாசம் வாராவ. பெஞ்சு நெறையப் பெண்கள் இருக்கணும். உள்ளதச் சொல்லுதேன், ஆம்பளைக பாதிப் பேரு வெளிய நின்னு கேக்காவ. ஸ்திரீகளுக்கு எதுக்கு அவ்வளவு எடம்னு கமிட்டியில ஏற்கெனவே முணுமுணுப்பு. இந்தக் கூட்டத்துக்கும் ஆள் வரலன்னா தட்டிய எடுத்துட வேண்டியதுதான். ஒங்க வீட்டுல கொஞ்சம் சிரமம் எடுத்துக்கிட்டா நல்லது.”

அவர் போன பிறகு கணவர் சொன்னார்: “ஆபீஸ்ல எல்லாம் ஒரே பேச்சு. யோசிக்கிறோம்னு சொன்னது யாருன்னு கேக்கான் ஒருத்தன். எனக்கு எப்படித் தெரியும்னுட்டேன்.”

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“நீ நாங்கன்னுல்லா சொல்லியிருக்க? நான் ஒருத்திய மட்டும் எப்படிச் சொல்ல?”

அவர் கேலி செய்தாரா, நிஜமாகவே சொன்னாரா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

தட்டி போய்விட்டால் என் சனிக்கிழமையும் போய்விடும். ஆண்களுக்கு நடுவே போய் உட்கார எனக்குத் தைரியம் கிடையாது. ஆகவே கதவு கதவாகப் போனேன். வக்கீல் வீட்டில் காப்பி கொடுத்தார்கள், வர முடியாது என்று இனிமையாகச் சொன்னார்கள். மற்ற வீடுகளில், “பிரசங்கமா? முடிவுல ஆரத்தி உண்டா?” என்று கேட்டார்கள். இல்லையென்றதும் முகம் வாடியது.

கடைசியாக அடுத்த வீட்டு அக்காவிடம் வந்தேன். அக்கா வீட்டார் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அவள் கணவருக்குக் கொழும்புக்குப் போய்வரும் தோணியில் வேலை. வளவில் அவள் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். அவளுடைய குசினி ஜன்னலும் என் அடுப்படி ஜன்னலும் எதிரெதிரே இருக்கும். அன்று அவள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். என் இடுப்பில் குழந்தை கத்திக்கொண்டிருந்தாள். சட்டிச் சத்தத்துக்கும் அழுகைக்கும் நடுவே நடந்த பேச்சு இது:

“அக்கா, சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வரணும். ஒரு அம்மா வாராங்க.”

“வந்து என்ன செய்யப் போறா?”

“குடும்பப் பொருளாதாரம்.”

“என்னதுளா?”

“பொருளாதாரம் அக்கா! குடும்பப் பொருளாதாரம்!”

அக்கா கரண்டியை நிறுத்தினாள். “எல்லாக் குடும்பத்துக்குமா?”

“ஆமா, எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவானதுதான்.”

“ஆம்பளைக வரணுமா, பொம்பளைக போதுமா?”

“ஆம்பளைகளுக்கு இடமே இல்ல. பொம்பளைகளுக்கு மட்டும்தான்.”

“மெய்யாவா சொல்லுத? இத ஏன் நீ முன்னாலயே சொல்லல? நான் எல்லாத்தையும் கூட்டியாரேன் பாரு” என்றாள் அக்கா. அவள் முகத்தில் அத்தனை ஆர்வத்தை நான் பார்த்ததே இல்லை. என் மனசு நிறைந்துவிட்டது. இத்தனை நாள் இவர்களைத் தவறாக நினைத்துவிட்டேனே, கூப்பிட்டிருந்தால் முன்பே வந்திருப்பார்களே என்று என்னையே கடிந்துகொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை மண்டபத்துக்கு நான் போனபோது வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஆண்கள் வராத நாள் என்பதால் தட்டியை மடக்கிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். மண்டபத்தின் மேடையை அன்றுதான் நான் முழுசாகப் பார்த்தேன். பெஞ்சு முழுக்கப் பெண்கள். வளவுப் பெண்கள், அந்தோணியார் குருசடிக் கோயில் பக்கத்துப் பெண்கள், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அக்காவின் தங்கை மாப்பிள்ளையூரணியிலிருந்து நடந்தே வந்திருந்தாள், கூடவே தன் தெருப் பெண்களையும் அழைத்துக்கொண்டு. செயலாளர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். என் வாழ்க்கையில் நான் அப்படிப் பெருமைப்பட்டதில்லை. குழந்தையின் காதில் பஞ்சு வைக்கக்கூட மறந்துவிட்டேன்.

அம்மையார் கண்ணாடி போட்டவர், ஒல்லியானவர், வெள்ளைக் கதர்ப் புடவை. நிதானமாகப் பேசத் தொடங்கினார். நான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவள் மடியில் மடித்து வைத்திருந்த சாக்குப்பையைப் பார்த்தேன். அவளுக்கு அடுத்தவள் மடியில் ஓலைக் கடகப்பெட்டி. அதற்கு அடுத்தவள் காலடியில் மண்ணெண்ணெய் டின். நான் பார்த்த இடமெல்லாம் பையும் பெட்டியும் டின்னும்.

அக்கா என் காதருகே குனிந்தாள். “ஏளா, பொருளாத் தாராவன்னு சொன்னியே, என்ன பொருளு? துணியா, மண்ணெண்ணெயா? ரேஷன் கார்டும் கொண்டாந்திருக்கேன்.”

பொருளாதாரம். பொருளாத் தாரோம். எங்கள் பக்கத்தில் ‘தருகிறோம்’ என்பதை ‘தாரோம்’ என்றும், ‘தருகிறார்கள்’ என்பதை ‘தாராவ’ என்றும்தான் சொல்வோம். நானும் பிறந்தது முதல் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். உலக யுத்தம் முடிந்தும் சாமான் கிடைக்காத நாட்கள் அவை. கண்ட்ரோலில் அளந்து கொடுக்கும் துணிக்கு வரிசையில் நிற்கிற பெண்களிடம், எல்லாக் குடும்பத்துக்கும், பெண்களுக்கு மட்டும், பொருளாகத் தருகிறார்கள் என்று நானே ஜன்னல் வழியாகக் கத்தியிருக்கிறேன்.

“இல்லக்கா…” என்று ஆரம்பித்தேன். அதற்குள் உப்பளத்துப் பெண் ஒருத்தி எழுந்து நின்றுவிட்டாள்.

“எம்மா, ஒரு சங்கதி. பொருளாத் தருவியளா, துட்டாத் தருவியளா? அத மொதல்ல சொல்லுங்க.”

அம்மையாரின் முகம் மலர்ந்தது. கண்ணாடியைக் கழற்றினார். “அருமையான கேள்வி! எங்கள் மாணவர்கள்கூட இத்தனை சீக்கிரம் இதைக் கேட்டதில்லை. கூலியைப் பொருளாகத் தருவதா, பணமாகத் தருவதா? பொருளாதாரத்தின் அடிப்படையான கேள்விகளில் ஒன்று இது” என்று சொல்லி, தாம் பேச வந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு அதையே விரிவாகப் பேசத் தொடங்கினார். விலை ஏறும் காலத்தில் பொருளாக வாங்குகிறவள் தப்பித்துக்கொள்வாள். ஆனால் எந்தப் பொருள், எந்தப் படியில் அளப்பது என்பதைக் கொடுக்கிறவர்தான் தீர்மானிப்பார். ஆகையால் வாங்குகிறவள் கவனமாக இருக்க வேண்டும்.

பெண்கள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். தலையை ஆட்டினார்கள். “பொருளாவே வாங்கிக்கிடுதோம்மா” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “படி சரியா இருக்கணும், ஆமா!” என்றது இன்னொரு குரல். அம்மையாருக்குக் கண் பளபளத்தது. அப்படி ஒரு சபை அவருக்கு இதற்கு முன் அமைந்ததில்லை போலும்.

எழுந்து உண்மையைச் சொல்லலாமா என்று பார்த்தேன். சொன்னால் அம்மையாரின் சந்தோஷம் போய்விடும். சொல்லாவிட்டால் இவர்கள் காத்திருப்பார்கள். எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். வழக்கம்போல அது முடிவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. கைதட்டினார்கள். அம்மையார் வண்டி ஏறிப் போனார். பெண்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். விளக்கை அணைக்க வந்த பியூன்தான், “இன்னும் என்னத்துக்கு இருக்கிய? அவ்வளவுதான், முடிஞ்சுது” என்றார்.

வாசலில் வைத்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சாக்குப்பையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பொருளும் இல்ல, தாரமும் இல்ல. வாங்க போவோம்” என்றாள். சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையூரணித் தங்கை என்னைக் கடந்து போகும்போது, “படிச்சவங்க சொன்னா நம்பித்தான வாரோம்” என்று மட்டும் சொன்னாள். சிரித்தவர்களை விட அவள் சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அதிலிருந்து வளவில் என் பேர் ‘பொருளாதாரம்’. “பொருளாதாரம் வாரா, குடத்தத் தள்ளி வையி” என்பார்கள். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் குசினி ஜன்னலில் முன்போல் நின்று பேசுவதும் இல்லை. அவளுக்கு வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வேலை எப்போதும் இருந்ததுதானே என்றும் தோன்றுகிறது.

இந்த வருஷம் சொற்பொழிவுகள் மறுபடி தொடங்கியிருக்கின்றன. அம்மையார் ஊருக்குப் போய், தூத்துக்குடிப் பெண்களைப் போல் விஷயம் தெரிந்த சபை எங்குமே இல்லை என்று சொன்னாராம். சங்கத்தாருக்கு ஏகப் பெருமை. தட்டியை எடுக்கவில்லை. வராந்தாவிலிருந்த அதை மண்டபத்துக்குள்ளேயே கொண்டுவந்து நடுவில் நிறுத்தி, பாதி இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

போன சனிக்கிழமை நான் போனேன். பாதி மண்டபத்தில் நானும் குழந்தையும். அவள் இப்போது நன்றாக நடக்கிறாள். காலி பெஞ்சுகளுக்கு நடுவே அவள் ஓடினால் சலங்கை மண்டபம் முழுக்கக் கேட்கும். பெண்கள் பக்கம் ஆளே இல்லை என்று தெரிந்துவிடுமோ என்று பயந்து சலங்கையைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். வெளியே ஆண்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்கள். முடிவில் அதே குதிகால் பேராசிரியர் மறுபடியும் கேட்டார், “பெண்கள் என்ன நினைக்கிறீர்கள்?” கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, “இன்னும் யோசிக்கிறார்கள்” என்று அவரே சொன்னார். மண்டபம் சிரித்தது.

நேற்றுக் காலை குழாயடியில் கூட்டம் குறைந்திருந்தது. அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் குழாயைப் பார்த்தபடி கேட்டாள்:

“ஏளா, அந்தம்மா அன்னைக்கு ஒண்ணு சொன்னாளே. எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தோணியில அரிசி குடுத்துட்டுச் சம்பளத்துல பிடிக்காவ. அந்தப் படி யாரு படின்னு கேக்கலாமா?”

“கேக்கலாம் அக்கா” என்றேன். இன்னும் ஏதோ சொல்ல வந்தேன். அவள் குடம் நிறைந்துவிட்டது. போய்விட்டாள்.

ராத்திரியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் அவள் அன்று வெறும் பையோடு மட்டும் திரும்பவில்லை. இந்தச் சனிக்கிழமை கூப்பிட்டால் வருவாளா? வந்தால் அவள் பின்னால் இன்னும் நாலு பேர் வரக்கூடும். ஆனால் என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? ‘பொருளாதாரம்’ என்ற சொல்லை இனி இந்த வளவில் என் வாயால் சொல்ல முடியாது. வேறு சொல் சொல்லிக் கூப்பிட்டு, அதையும் அவர்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டால்? கூப்பிடாமலே இருந்தால் அந்தப் பாதி மண்டபத்தில் எத்தனை நாளைக்குக் குழந்தையின் சலங்கையை முடிந்து வைத்திருப்பது? செயலாளரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டால் வெளியே நிற்கிறவர்களுக்கு இடம் கிடைக்கும், எனக்கு இல்லாமல் போய்விடும்.

இதைப் படிக்கும் சகோதரிகளில் யாராவது உங்கள் ஊரில் அக்கம்பக்கத்துப் பெண்களை இதுபோன்ற கூட்டங்களுக்கு அழைத்துப் போயிருந்தால், குழாயடியில் நின்று அவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரிவியுங்கள். நீங்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். சனிக்கிழமைக்கு முன் கிடைத்தால் உபகாரமாக இருக்கும். அதற்கு அடுத்த சனிக்கிழமை ஆனாலும் பரவாயில்லை.